லைசென்ஸ் மனு கிடப்பில் கிடந்தால் கோர்ட் என்ன செய்யும்?

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் வழக்குகள், அதாவது அரசு அதிகாரிகளுக்கு உத்தரவு கேட்கும் வழக்குகள், நடத்தும் வக்கீல் நான். உரிமம் கேட்டுக் காத்திருப்பவர்களின் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

தேனியில் ஸ்வீட் ஸ்டால் போட உணவுப் பாதுகாப்பு லைசென்ஸுக்கு விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகிறது சார். ஃப்ரீசருக்குத் தவணை ஓடுகிறது, கடை பூட்டிக் கிடக்கிறது. கோர்ட் லைசென்ஸ் வாங்கித் தருமா?

தராது. அரசியல் சாசனம் 226-வது பிரிவின் கீழ் மாண்டமஸ், அதாவது அதிகாரியைக் கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை, கேட்டால், மனுவைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்று அதிகாரிக்கு உத்தரவு வரும், அவ்வளவுதான். அவர் மறுக்கவும் செய்யலாம், ஆனால் காரணம் எழுதித்தான் மறுக்க வேண்டும், அந்தக் காரணம் கைக்கு வந்தால் அப்பீல் போகலாம். பதிலே வராவிட்டால் எதை எதிர்த்துப் போவீர்கள்?

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 31-வது பிரிவைப் படியுங்கள். இரண்டு மாதத்துக்குள் லைசென்ஸும் தரவில்லை, நிராகரிக்கவும் இல்லை என்றால் தொழிலைத் தொடங்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் ஏதாவது ஆவணம் கேட்டு நீங்கள் பதில் போடாமல் விட்டிருந்தால் இது உதவாது, அதை முதலில் பாருங்கள்.

மனுவை நேரில்தான் கொடுத்தேன். அது போதாதா அண்ணே?

கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி வைத்திருக்கிறீர்கள், அதுதான் கேள்வி. என்னிடம் வந்த ஒருவரின் நகலில் ஆபீஸ் முத்திரை இருந்தது, தேதி இருந்த இடத்தில் மை பரவி ஒன்றும் தெரியவில்லை. அரசு வழக்கறிஞர் எழுந்து அப்படி ஒரு மனுவே வரவில்லை என்கிறார்கள் என்றார், அதைச் சரிபார்ப்பதிலேயே இரண்டு வாரம் போனது. அந்த மனிதர் கடை வாடகையைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார், எனக்கு மனசே ஆறவில்லை. அதனால் டெலிவரிக்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பு யார் மேஜையில், என்றைக்கிலிருந்து இருக்கிறது என்றும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலே பல வழக்குகளில் நல்ல சாட்சி.

முடிவெடுக்கக் கோர்ட் கொடுத்த ஆறு வாரக் கெடு முடிந்தும் அதிகாரிகள் அசையவில்லை சார்.

உத்தரவு நகல் அவர்கள் கைக்குப் போனதா என்று பாருங்கள், பெரும்பாலும் கெடு அன்றைக்குத்தான் தொடங்கும். போயிருந்தால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம். ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

2011-ல் போட்ட மனு. இப்போது கேட்கலாமா?

கஷ்டம். சி. ஜேக்கப் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு வாங்குவதால் மட்டும் காலாவதியான கோரிக்கைக்கு உயிர் வராது. புதிதாக விண்ணப்பியுங்கள்.

தீபாவளிக்குப் பட்டாசுக் கடை, தற்காலிக லைசென்ஸ் இன்னும் வரவில்லை. எப்போது வழக்குப் போடலாம்?

இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் வந்தால், நீதிபதி மனுவை எடுத்துக்கொண்டாலும் தீயணைப்புத் துறை இடத்தைப் பார்த்துத் தடையில்லாச் சான்று தர நாள் இருக்காது. அந்தச் சான்று கையில் இருந்தால் அதன் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.