அதிரும் நாற்காலியில் உட்கார்ந்தால் வலி போகுமா? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். தாழ்ந்த ஒலியையும் அதிர்வையும் உடம்பில் செலுத்திச் செய்யும் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பேட்டையிலிருந்து ஒரு தம்பி: இது என்ன அண்ணாச்சி, ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்கிற வைத்தியமா?

கோயில் கொடையில் கணியான் கூத்துப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மகுடம் அடிப்பார்கள். உச்ச மகுடம் காதைத் தொடும். மந்த மகுடம் நெஞ்சுக்கூட்டில் ‘தும்’ என்று இறங்கும். அப்படி இறங்குகிற சமாசாரம்தான் இது. நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதைத்தான் ஹெர்ட்ஸ் என்பார்கள். நம் காதுக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து கேட்கும். இந்தச் சிகிச்சையில் பெரும்பாலும் 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துவார்கள். ஸ்பீக்கரை நாற்காலிக்குள்ளோ கட்டிலுக்குள்ளோ பொருத்தி, மேலே ஆளைப் படுக்க வைப்பார்கள். நார்வேக்காரர் ஓலாவ் ஸ்கில்லே 1980களில் இதைத் தொடங்கியபோது, கை கால் இறுகிப்போன மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைத் தளர்த்துவதற்காகத்தான் செய்தார். ‘தளர்த்துவது’ என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யாராவது சத்தியம் செய்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

முக்கூடலிலிருந்து ஓர் அக்கா: முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். கழுத்து, மணிக்கட்டு இரண்டும் வலி. இதில் குறையுமா?

கொஞ்ச நேரத்துக்குக் குறையும் அக்கா. கதவில் முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோம் அல்லவா? தேய்க்கும்போது வலி மங்கும். தோலிலும் தசையிலும் இருந்து போகும் தொடுசெய்தி, முதுகுத்தண்டில் வலிச்செய்தி நுழையும் வாசலை நெருக்கிவிடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் சொன்ன விளக்கம் இது. பிறகு நிறையத் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை நிற்கிறது. அதிர்வு செய்வதும் அந்தத் தேய்ப்பைத்தான், விடாமல், ஒரே சீராக.

ஆனால் எழுந்து போய் மறுபடி பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்தால் வலி திரும்பிவிடும். சுவரில் சாய்ந்து உட்காருங்கள், தட்டுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஆயிரம் பீடிக் கணக்கு முடியவேண்டுமே என்பீர்கள், தெரியும். இன்னொன்று: ராத்திரியில் விரல் மரத்துப்போய் விழிப்பு வருகிறதா? வந்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கையில் அதிர்வுக் கருவி வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: அப்பாவுக்குப் பார்கின்சன் என்ற நடுக்குவாதம். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினால் அன்றைக்கு முழுக்கத் தெளிவாக இருக்கிறார். அதிர்வினாலா?

உங்களுக்கு முன்பே இதைக் கவனித்தவர் ஒருவர் இருக்கிறார். பாரிஸில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஷார்கோ. ரயிலிலும் குதிரைவண்டியிலும் நெடுந்தூரம் வந்த நோயாளிகள் ‘உடம்பு லேசாக இருக்கிறது’ என்றார்கள். அவர் அதை அலட்சியம் செய்யாமல், ரயில்போலக் குலுங்கும் நாற்காலியையே செய்ய வைத்தார். 1892இல் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறார். அடுத்த வருஷம் இறந்துவிட்டார், நாற்காலியும் மறந்துபோனது.

2012இல் அமெரிக்காவில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அதிரும் நாற்காலி. இன்னொரு கூட்டத்துக்கு அதே நாற்காலி, அதிர்வு இல்லாமல் இதமான சத்தம் மட்டும். இரண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேற்றம்! எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. அரை மணி நேரம் ஒருவரை நிம்மதியாக உட்கார வைப்பதே பாதி வைத்தியம். அப்பாவைத் தாராளமாகப் பஸ்ஸில் கூட்டிப் போங்கள், ஜன்னலோரம் உட்கார வையுங்கள். மாத்திரை மட்டும் நேரம் தப்பக் கூடாது.

சங்கரன்கோவிலிலிருந்து லாரி ஓட்டுநர்: அதிர்வு நல்லதென்றால் இருபது வருஷம் அதிர்ந்த எனக்கு ஏன் இடுப்பு போச்சு?

வந்த கேள்விகளிலேயே சரியான கேள்வி. குற்றாலத்தில் சாரல் காலத்து ஐந்தருவியில் தலை நனைப்பதும், வெள்ளம் வரும்போது மெயினருவிக்குக் கீழே நிற்பதும் ஒன்றா? உட்கார்ந்திருக்கும் ஆளின் முதுகுத்தண்டு மேலும் கீழுமான குலுக்கலில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரைதான் அதிகமாக ஒத்து அதிரும். லாரி இருக்கை கொடுப்பது பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில், அதுவும் ஒரு நாளில் பத்து மணி நேரம். சிகிச்சையில் அதிர்வெண் வேறு, வலு மிகக் குறைவு, நேரமும் இருபது முப்பது நிமிடம்தான். குவாரியில் டிரில்லிங் மெஷின் பிடிப்பவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போவதும் அளவு மீறிய அதிர்வினால்தான்.

பணகுடியிலிருந்து: அப்படியென்றால் எங்கள் ஊர்க் காற்றாலைகளின் கேட்காத சத்தம்?

பின்லாந்தில் 2020இலும் ஆஸ்திரேலியாவில் 2023இலும் வந்த ஆய்வுகள், காதுக்கு எட்டாத அந்த ஒலியால் உடம்புக்குக் கெடுதல் தெரியவில்லை என்கின்றன. காதுக்குக் கேட்கும் ‘விஷ் விஷ்’ தூக்கத்தைக் கெடுக்கலாம். அந்தப் புகார் நியாயமானது.

நெல்லை டவுனிலிருந்து: நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் காதை வைத்தால் நோய் தீருமா?

தீராது. தட்டியும் பார்க்காதீர்கள், கல் பாவம்.

வள்ளியூரிலிருந்து: அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். அதிரும் பலகையில் தினமும் நின்றால் எலும்பு கெட்டிப்படும் என்கிறார்களே?

கனடாவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களை வைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். தினமும் இருபது நிமிடம் பலகையில் நின்றவர்களுக்கும் நிற்காதவர்களுக்கும் எலும்பு அடர்த்தியில் வித்தியாசம் இல்லை, 2011இல் வெளிவந்தது. அம்மா நடக்கட்டும், கேப்பைக்கூழ் குடிக்கட்டும், மருத்துவர் எழுதிய மாத்திரையைப் போடட்டும். குளியலறையில் பிடிமானக் கம்பி ஒன்று போடுங்கள். பலகை வாங்கும் காசில் பத்துக் கம்பி போடலாம்.

தென்காசியிலிருந்து: ‘ஞாபக மறதிக்கு 40 ஹெர்ட்ஸ்’ என்று செல்போனில் ஒரு செயலி இருக்கிறது. பாட்டிக்குப் போட்டுக் காட்டலாமா?

அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2016இல் எலிகளுக்கு 40 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒளியைச் சிமிட்டிக் காட்டியதில் தொடங்கிய ஆராய்ச்சி அது. ஒலியைப் பிறகு சேர்த்தார்கள். மனிதர்களிடம் சோதனை நடக்கிறது, மருந்தாகவில்லை. அதோடு செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் 40 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியை உருப்படியாக எழுப்பவே முடியாது. பாட்டியிடம் பழைய கதை கேளுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டுப் படுக்க வைத்தார்கள், சுகமாக இருந்தது. இப்போது ஒன்றரை லட்சத்துக்குக் கட்டில் வாங்கச் சொல்கிறார்கள்.

சுகமாக இருந்தது உண்மை. சர்க்கரை, பிரஷர், முட்டுவலி எல்லாம் போகும் என்றார்களா? அது பொய். என்னிடமும் அப்படியொரு கட்டில் இருக்கிறது. பயிற்சிக்கு முன்னால் உடம்பைத் தளர்த்தப் பயன்படுத்துகிறேன், தனிக் கட்டணம் வாங்குவதில்லை. கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், காலில் ரத்தக்கட்டி இருப்பவர்கள், அண்மையில் அறுவை செய்தவர்கள் இவர்களையெல்லாம் அதன் பக்கமே விடுவதில்லை. உங்கள் முகாமில் இதில் ஒன்றையாவது கேட்டார்களா?

களக்காட்டிலிருந்து ஒரு டீச்சர்: காசில்லாமல் அதிர்வு வேண்டுமென்றால்?

வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று நீட்டுங்கள். 2002இல் ஸ்வீடனில் அளந்தபோது, சாதாரணமாக மூச்சு விடுவதைவிட இப்படி முனகும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு 15 மடங்கு இருந்தது. நோய் தீரும் என்று சொல்லமாட்டேன். மூச்சு தானாக நீளும், தோள் இறங்கும். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமில் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். யாராவது என்னவென்று கேட்டால் பிசியோக்காரர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.