எம்.டி. முடித்த பின்னும் படிப்பா?
வாசகர் கேள்விகளுக்குக் கதிரியக்க மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ்., அதன் பின் கதிரியக்கவியலில் எம்.டி. என எட்டரை ஆண்டுகள் படித்து முடித்தாள். இப்போது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஃபெல்லோஷிப் என்று மேலும் ஓராண்டு சேர்ந்திருக்கிறாள். ஸ்கேன் எடுப்பதற்கு இவ்வளவு படிப்பா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவளுக்கு வரன் பார்த்து வருகிறோம். கதிர்வீச்சால் குழந்தைப்பேறு பாதிக்கப்படுமோ என்ற அச்சமும் இருக்கிறது.
– ஒரு தந்தை, பண்ருட்டி

பதில்: ஸ்கேன் எடுப்பவர் வேறு, அதைப் படித்துச் சொல்பவர் வேறு என்பதை உறவினர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நோயாளியைப் படுக்க வைத்து சி.டி., எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குபவர் டெக்னீஷியன். வந்த படங்களைப் பார்த்து, இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுபவர் உங்கள் மகள். அறுவை சிகிச்சை நிபுணர் கத்தியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்.

எம்.டி.யின் மூன்று ஆண்டுகளில் தலை முதல் பாதம் வரை, எக்ஸ்ரே முதல் எம்.ஆர்.ஐ. வரை எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும் என்பதால், மூளைக்கோ மார்பகத்துக்கோ மூட்டுக்கோ என்று தனியாகக் கிடைப்பது குறைந்த காலமே. ஃபெல்லோஷிப்பில் அப்படி ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நாள்தோறும் அதையே பார்க்கிறார்கள். மருத்துவமனைகள் தாமே நடத்தும் ஃபெல்லோஷிப் பெரும்பாலும் ஓராண்டு. தேசியத் தேர்வு வாரியத்தின் கீழ் வரும் எஃப்.என்.பி. என்ற ஃபெல்லோஷிப் இரண்டாண்டு, மூளை, நரம்புப் படங்களுக்கான நரம்புக் கதிரியக்கவியலில் எம்.டி.க்கு அடுத்த டி.எம். பட்டம் என்றால் மூன்றாண்டு. இவை எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்த ஊதியத்துக்கு நைட் டியூட்டி பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காகவே ஃபெல்லோக்களைச் சேர்க்கும் இடங்கள் உண்டு. மகளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அவள் எழுதிய ரிப்போர்ட்டை மூத்த மருத்துவர் அவளை அருகில் உட்கார வைத்துத் திருத்துகிறாரா? ஆம் என்றால் அந்த ஓராண்டு வீண் போகாது.

அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சி.டி. இயந்திரம் உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. அந்தக் கருவியை உருவாக்கி 1979இல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அந்த அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கெட்டியான எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். இத்தனை எண்களையும் ஒரே சமயத்தில் சாம்பல் நிறங்களாகக் காட்டினால் கண்ணால் பிரித்தறிய முடியாது. எனவே ஒரே மார்புப் படத்தை நுரையீரலுக்கு ஒருமுறை, இதயத்தைச் சுற்றியுள்ள திசுக்களுக்கு ஒருமுறை, எலும்புக்கு ஒருமுறை என, திரையில் காட்டும் எண்களின் வரம்பான 'விண்டோ'வை மாற்றி மாற்றி, மேலிருந்து கீழாக நூற்றுக்கணக்கான படங்களை உருட்டிப் பார்க்க வேண்டும். விளக்கைக் குறைத்த அறையில் ஃபெல்லோ பார்த்து முடித்ததை மூத்தவர் மறுபடி உருட்டுவார். ஓரிடத்தில் சுட்டி நின்றுவிடும். எதைக் காணத் தவறினோம் என்பது அந்த நொடியில் தெரிந்துவிடும். புத்தகத்தில் படித்து இது வராது.

இரவுப் பணி இன்னொரு வகை. கை கால் இழுத்துக்கொண்டு ஒருவர் கடலூரிலிருந்து ஆம்புலன்ஸில் வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில், மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போடுவதே வழக்கம். மூளையில் இரத்தக்கசிவு இருந்தாலோ அந்த ஊசியே ஆபத்தாகிவிடும். கசிவு இருக்கிறதா இல்லையா என்று அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவர் அறையில் தனியாக இருக்கும் ஃபெல்லோ.

கதிர்வீச்சைப் பற்றி அஞ்ச வேண்டாம். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் எக்ஸ்ரே கதிர்வீச்சே கிடையாது. சி.டி. எடுக்கும்போது பணியாளர்கள் ஈயக் கண்ணாடிக்கு இப்பால் இருப்பார்கள். ரிப்போர்ட் எழுதும் அறைக்கும் கதிருக்கும் தொடர்பே இல்லை. இரத்தக் குழாய்க்குள் கம்பி செலுத்தும் இன்டர்வென்ஷன் பிரிவில் மட்டும் கதிருக்கு அருகில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே ஈய ஏப்ரனும் கழுத்துப்பட்டையும் கட்டாயம். உடலில் படும் கதிரைப் பதிவு செய்ய மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அனுப்பி, பெற்ற அளவைக் கணக்கிடுகிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்பதே வரம்பு. கருவுற்றதைத் தெரிவித்தால் கருவுக்கான வரம்பு அதைவிட மிகக் குறைவாக வைக்கப்பட்டு, பணியும் அதற்கேற்ப மாற்றப்படும். வரன் வீட்டார் கேட்டால் இதையே சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு உண்மையில் வரக்கூடியவை கழுத்து வலியும் கண் எரிச்சலும்தான்.

கேள்வி: பி.எஸ்சி. ரேடியாலஜி படித்துவிட்டு ஃபெல்லோஷிப் சேர முடியுமா?
– பிளஸ் டூ மாணவி, வில்லியனூர்

பதில்: இங்கே பேசும் ஃபெல்லோஷிப்பில் சேர முடியாது. அது எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. முடித்த மருத்துவர்களுக்கானது. பி.எஸ்சி. உங்களை டெக்னீஷியன் ஆக்கும். நல்ல டெக்னீஷியன் இல்லாமல் நல்ல ரிப்போர்ட்டும் இல்லை என்பதால் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மருத்துவர் ஆவதே விருப்பம் என்றால் முதலில் நீட். பிறகு முதுநிலைக்கு, உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஜிப்மர் போன்ற மத்திய அரசின் தேசிய மருத்துவ நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.-செட் தேர்வும், மற்றக் கல்லூரிகளுக்கு நீட் பி.ஜி. தேர்வும் எழுத வேண்டும்.

கேள்வி: ஃபெல்லோவாகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வயிற்று சி.டி. ஒன்றில் சிறுநீரகக் கல்லைக் கண்டு எழுதிய நான், நுரையீரலின் அடிப்பகுதியில் இருந்த சிறு முடிச்சைக் கவனிக்கவில்லை. மறுநாள் மூத்த மருத்துவரான கன்சல்டன்ட் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட்டை முடிக்கவும் கை வரவில்லை.
– இளம் மருத்துவர், முத்தியால்பேட்டை

பதில்: கல் கிடைத்ததும் மனம் தேடலை நிறுத்திவிட்டது. வலிக்குக் காரணம் தெரிந்த நிம்மதிதான் இந்தத் துறையில் மிகவும் ஆபத்தான நொடி. பயிற்சிக் காலத்தில் எனக்கும் இது நேர்ந்தது. விபத்தில் சிக்கிய ஒருவரின் மண்ணீரல் கிழிந்திருப்பதைக் கண்டு, பெருமையோடு ஓடிப்போய்ச் சொன்னேன். என் ஆசிரியர் ஒன்றும் பேசாமல் எலும்பு விண்டோவுக்கு மாற்றிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். முள்ளெலும்பில் இருந்த முறிவு எனக்குத் தெரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

நோய் எதுவானாலும் பார்க்கும் வரிசையை மாற்றாதீர்கள். வயிற்று சி.டி. என்றால் நுரையீரலின் அடிப்பகுதியில் தொடங்கி எலும்பில் முடியுங்கள். கண்ணில் படும் கல்லைக் கடைசியாக எழுதுங்கள். தவறியவற்றுக்கென ஒரு குறிப்பேடு வைத்து, நோயாளியின் பெயர் இல்லாமல் எழுதி வாருங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் என்ன தெரிந்தது, பயாப்சியில் என்ன வந்தது என்று கேட்டறியுங்கள். ஃபெல்லோவுக்கு அதற்கு உரிமையும் நேரமும் உண்டு, பின்னாளில் இரண்டும் குறைந்துவிடும். நடுக்கத்தின் காரணமாக ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் 'மருத்துவ அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று எழுதித் தப்பிக்கும் பழக்கத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். அந்த வரியை எந்த மருத்துவரும் படிப்பதில்லை.

ரிப்போர்ட் வெளியே போன பின் தவறு தெரிந்தால், திருத்தக் குறிப்பைச் சேர்த்துவிட்டு, சிகிச்சை தரும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நீங்களே சொல்ல வேண்டும். அந்த நோயாளியின் முடிச்சுக்கு அடுத்த சி.டி. எப்போது என்று பார்த்துவைத்து, கன்சல்டன்டிடம் கேட்டு அதையும் நீங்களே படியுங்கள்.