தழும்பின் மேல் பச்சை: முற்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 28. சிறுவயதில் வன்னியில் ஷெல் துண்டு பட்டு இடது முன்கையில் நீளமாக ஒரு தழும்பு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலே ஆட்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டைதான். அதன் மேல் ஒரு வேப்பங்கொத்து பச்சை குத்த ஆசை. கொழும்பில் ஒரு தனியார் டாட்டூ ஸ்டூடியோவில் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே எடுக்கிறார்கள். 'மனக்காயம் ஆறும் இடம்' என்று சொல்கிறார்கள். 45,000 ரூபாய், அதில் 15,000 முற்பணம், திருப்பித் தரப்படாது. கட்டலாமா?

பதில்: கட்டலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம்.

தனி அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு அல்ல. நீளக்கைச் சட்டையைக் கழற்றுவதே உங்களுக்குப் பெரிய விஷயம். அதை நாலு பேர் காத்திருக்கும் கடையில் செய்ய முடியாது. அந்தக் கையில் என்ன இருக்க வேண்டும் என்று இத்தனை வருடமும் ஷெல் தீர்மானித்தது, இனி நீங்கள் தீர்மானிக்கப் போகிறீர்கள். அதில் ஆறுதல் உண்டு. ஆனால் அந்த ஆறுதல் பற்றுச்சீட்டில் எழுதி விற்கிற சரக்கு இல்லை. ஊசி பிடிப்பவர் உளவளத்துணையாளரும் இல்லை. மணிக்கணக்காகக் கையை அசைக்காமல் வைத்து வலியைப் பொறுக்கும்போது பழைய ஞாபகங்கள் கிளம்பலாம். 'நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா, மிச்சத்தை இன்னொரு நாள் போட மேலதிகமாகக் காசு கேட்பீர்களா?' என்று முன்கூட்டியே கேளுங்கள். அக்காவையோ தோழியையோ கூட்டிப் போக விடாத இடம் என்றால், எவ்வளவு அழகான அறையாக இருந்தாலும் வேண்டாம். மனம் மிகவும் கனத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்கலாம்.

இனித் தழும்பு. நல்ல தோலில் மை ஓரளவு சீராக நிற்கும். தழும்புத் தோலில் ஓரிடத்தில் பிடிக்காது, பக்கத்திலேயே கலங்கிப் பரவும். அதனால் அவர்கள் காட்டும் படங்களில் தழும்பின் மேல் போட்டவற்றை மட்டும் பாருங்கள், அதுவும் சில மாதங்கள் கழித்து எடுத்தவற்றை. போட்ட அன்றைக்கு எந்த டாட்டூவும் பளிச்சென்றுதான் இருக்கும். உங்கள் தழும்பு பழையது என்பது நல்லது. புதுத் தழும்பென்றால் குறைந்தது ஒரு வருடம் பொறுக்கச் சொல்வார்கள். ஆனால் அது தடித்துப் புடைத்திருந்தாலோ, காது குத்திய இடம் முன்பு கட்டியாக வளர்ந்திருந்தாலோ, முதலில் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். நம்மைப் போன்ற கருமையான தோலில் கீலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டிப் புடைத்து வளரும் தழும்பு, வர வாய்ப்பு அதிகம். உள்ளே துண்டு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். ஊசி இறங்குவது ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான், என்றாலும் தோலுக்குச் சற்றுக் கீழேயே இரும்பு கிடந்தால் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், தழும்பின் ஓரத்தில் ஒரு சின்ன இலையை மட்டும் முதலில் போட்டு, ஒன்றரை மாதம் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். தழும்பு வேலை தெரிந்தவர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

சுத்தத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஊசி உறை உங்கள் கண் முன்னால் பிரிய வேண்டும், மை சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். அழுக்கான ஊசியால் ஹெபடைடிஸ் பி, சி தொற்றலாம்.

முற்பணம்: திருப்பித் தராதது குற்றமில்லை, எதற்காகத் தராதது என்பதுதான் கேள்வி. படம் வரைந்த கூலியா, உங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கிய கூலியா? வைத்தியர் வேண்டாம் என்றால் என்ன நடக்கும்? குறித்த நாளை அவர்களே மாற்றினால்? இவற்றை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வது அவர்கள் கடமை. பிரச்சினை வந்தால், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். விபரம் கேட்க 1977க்கு அழைக்கலாம்.

போட்ட பிறகு இரண்டு மூன்று வாரம் வெள்ளவத்தைக் கடலில் கால் நனைப்பதோடு சரி, கையை நனைக்க வேண்டாம். கதிர்காமம் போகிற யோசனை இருந்தால் மாணிக்க கங்கை முழுக்கு முடித்துவிட்டு வந்து நாள் குறியுங்கள்.

கேள்வி: டாட்டூவுக்கு முன் ஒத்திகையாகக் கறுப்பு மருதாணி போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மருதாணி இலை செம்மஞ்சளும் பழுப்பும்தான் தரும். ஒரு மணித்தியாலத்தில் கரிக்கறுப்பு ஏறினால், பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கும். அது தோலைக் கொப்பளிக்க வைக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு தலைக்குச் சாயம் பூசவும் முடியாமல் போகலாம். ஒத்திகைதான் வேண்டுமென்றால் ஸ்டூடியோவில் ஸ்டென்சிலை, அதாவது குத்துவதற்கு முன் தோலில் ஒற்றும் படத்தின் அச்சை, மட்டும் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், கழுவினால் போய்விடும்.