மணலிலும் கல்லிலும் டயர் சென்சார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாலையில்லாத இடங்களில் ஓடும் ஆஃப்-ரோடு வண்டிகளில் ஒயர்லெஸ் டிபிஎம்எஸ், அதாவது டயரின் காற்றழுத்தத்தை சென்சார் வைத்து அளந்து டிஸ்பிளேயில் காட்டும் கருவி, பொருத்துவது பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்தே பதில் சொல்கிறேன். வால்வு ரப்பரா உலோகமா, சென்சார் வெளியிலா உள்ளேயா என்று எதுவும் எழுதாமல் ‘வேலை செய்யவில்லை, என்ன செய்வது’ என்று மட்டும் கேட்டவர்கள் விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

வால்வு மூடிபோல வெளியே திருகும் சென்சார் வாங்கலாமா, ரிம்முக்குள் வைப்பதா?

மணலிலும் கல்லிலும் ஓட்டுவதற்காக அடிக்கடி காற்று இறக்கி ஏற்றுபவர் என்றால் உள்ளே வைப்பதுதான் நல்லது. வெளி வகையில் ஒவ்வொரு முறையும் நான்கு சென்சாரையும் கழற்ற வேண்டும், காற்றை இறக்க வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும். சேற்றுக்குள் குனிந்து இரண்டு தடவை இதைச் செய்தவர் மூன்றாம் தடவை ஓ-ரிங்கில் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மண் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். அந்த மண்தான் இரவோடு இரவாகக் காற்றைக் கசியவிடும். அதோடு, வெளி சென்சார் வால்வின் ஊசியை அழுத்தித் திறந்து வைத்துக்கொண்டுதான் அளக்கிறது. பாறையில் உரசி அதன் கூடு உடைந்தால் காற்றைத் தடுக்க அங்கே வேறொன்றும் இல்லை.

உள் வகையிலும் இரண்டு குறைகள் உண்டு. பேட்டரியை மாற்ற முடியாது. 5 முதல் 10 வருடம் ஓடும், பிறகு சென்சாரையே மாற்ற வேண்டும். இன்னொன்று, காட்டில் நீங்களே லீவர் போட்டு டயரைக் கழற்றுபவர் என்றால் சென்சார் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்து வேலை செய்ய வேண்டும். வால்வுக்குப் பக்கத்தில் லீவரை விட்டால் சென்சார் நொறுங்கும்.

ரப்பர் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. அதன் மேலேயே வெளி சென்சாரைத் திருகலாமா? 10 கிராம்தானே?

கூடாது. நின்றுகொண்டிருக்கும்போதுதான் அது 10 கிராம். 17 அங்குல ரிம்மில், மணிக்கு 100 கிமீ வேகத்தில், வால்வு நுனியில் இருக்கும் பொருளை வெளிப்பக்கம் இழுக்கும் விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. உங்கள் 10 கிராம் ஒரு கிலோவாகிவிடும். ரப்பர் வால்வு அந்த இழுப்புக்கு வளையும். வண்டி நின்றால் நிமிரும், மறுபடி வளையும். அடிப்பக்கத்தில் மெல்ல வெடிப்பு விழும். ரிம்மோடு ஒட்டிய இடம் என்பதால் நீங்கள் பார்க்கவும் மாட்டீர்கள். நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வு வாங்கி முதலில் அதை மாற்றுங்கள், பிறகு சென்சார். வாங்கும் முன் ரிம்மின் வால்வுத் துளையை அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் 11.5 மிமீ இருக்கும். கடற்கரையில் ஓட்டுபவர்கள் நல்ல தண்ணீரில் கழுவி, மாதம் ஒருமுறை சென்சாரைக் கழற்றி மாட்டுங்கள். அலுமினிய வால்வில் பித்தளை நட்டு உப்பு பட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு வால்வை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மணலில் காற்றை இறக்கினால் ஓயாமல் கத்துகிறது. அழுத்தம் குறைந்தால் கத்தும் லோ அலாரத்தை 10 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) இறக்கி வைத்துவிட்டேன். இப்போது நிம்மதி. சரிதானே?

சரியில்லை. எச்சரிக்கத்தான் அந்தக் கருவியை வாங்கினீர்கள். 10 பிஎஸ்ஐயில் வைத்த அலாரம் எதையும் எச்சரிக்காது, எல்லாம் முடிந்த பிறகு செய்தி சொல்லும்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் டயர் மேல்தளம் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்த பிறகு, 2000இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி வந்த விதி, நிர்ணயித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தாலே விளக்கு எரிய வேண்டும் என்கிறது. 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கே வரும் புதிய கார், ஜீப் எல்லாவற்றிலும் இது கட்டாயம். அதாவது 36 போடும் டயருக்கு 27இல் எச்சரிக்கை வர வேண்டும். நீங்கள் வைத்திருப்பது 10. தார்ச்சாலையில் 80, 90 வேகத்தில் 20 பிஎஸ்ஐ டயர் ஓடினால் சைட்வால், அதாவது டயரின் பக்கச்சுவர், ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பு சூடாகிறது, சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூலடுக்கும் பிரிகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கும். உங்கள் டிஸ்பிளேயும் பேசாமல் இருக்கும்.

‘வேகமாகக் காற்று இறங்கினால் தனி அலாரம் உண்டே’ என்று அடுத்த கடிதம் வரும். உண்டு. ஆனால் ஆணி குத்தி ஒரு மணி நேரமாகக் கசியும் காற்றை அது பிடிக்காது. ஆஃப்-ரோடு போய்விட்டுத் திரும்பும் வண்டிகளில் முக்கால்வாசி வருவது அந்த மெல்லிய கசிவுதான்.

செய்ய வேண்டியது இது. மணலில் 18 வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் அலாரத்தை 14, 15இல் வையுங்கள். அதற்குக் கீழே போனால் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது பீட், அதாவது ரிம்மைப் பிடித்திருக்கும் டயர் விளிம்பு, ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும், அதைத்தான் அங்கே அலாரம் காப்பாற்ற வேண்டும். வேகம் 30ஐத் தாண்டக் கூடாது. தார்ச்சாலைக்கு வந்ததும் முதலில் காற்று, பிறகு அலாரத்தைப் பழைய அளவுக்கு ஏற்றுவது, அதற்குப் பிறகுதான் கியர். இரண்டு விதமான அளவுகளைச் சேமித்து வைக்கும் கருவியாகப் பார்த்து வாங்கினால் பாதி வேலை மிச்சம். அந்த வசதி இல்லாதவர்கள் ஸ்டீயரிங்கில் ஒரு டேப் ஒட்டி ‘அலாரம் 15’ என்று எழுதி வையுங்கள், அளவை மாற்றிய பிறகே கிழியுங்கள். கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, இறக்காதீர்கள்.

டிஸ்பிளேயில் 33, கையில் வைத்து அளக்கும் கேஜில் 35. எதை நம்ப?

நல்ல கேஜை. ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் சகஜம். ஆனால் குளிர்ந்த டயரில் அளந்தீர்களா என்று எழுதவில்லை. வெப்பம் 10 டிகிரி மாறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். மலையில் அளந்தீர்களா என்றும் எழுதவில்லை. 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 3 பிஎஸ்ஐ குறைவு. கை கேஜ் அந்த வித்தியாசத்தைச் சேர்த்துக் காட்டும், கடல்மட்டத்தை வைத்துக் கணக்கிடும் சென்சார் காட்டாது. இரண்டுமே பொய் சொல்லவில்லை.

காற்று இறக்கிக்கொண்டே இருக்கிறேன், டிஸ்பிளேயில் எண் மாறவே இல்லை. சென்சார் பழுதா?

இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்த, நிற்கும் வண்டியில் பல உள் சென்சார்கள் உறங்கும். கொஞ்சம் ஓட்டினால் எழும். காற்றை கை கேஜ் வைத்து இறக்குங்கள். டிபிஎம்எஸ் வந்துவிட்டது என்று கேஜை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

36 பிஎஸ்ஐ இருந்தது, இரண்டு மணி நேரம் ஓட்டியபின் 40 ஆகிவிட்டது. இறக்கிவிடவா?

வேண்டாம். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. 36 என்பது குளிர்ந்த டயருக்கான அளவு, ஓடினால் 4 பிஎஸ்ஐ வரை ஏறுவது இயல்பு. 8, 9 ஏறுகிறது என்றால் நேர்மாறாக யோசியுங்கள்: காற்றைக் குறைவாக அடித்திருக்கிறீர்கள், அல்லது பாரம் அதிகம். குளிர்ந்ததும் அளந்து கூட்டுங்கள்.

பின்சக்கரங்களின் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது.

டேஷ்கேம் சார்ஜரை உருவிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மலிவான யுஎஸ்பி சார்ஜர்கள் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். பின்னால் கனமான இரும்பு பம்பர், பெரிய பெட்டி, டிரெய்லர் இருந்தால் சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ரிப்பீட்டர் தேவைப்படும். வெளிநாட்டிலிருந்து சென்சாரை மட்டும் தனியாக வரவழைத்தவர்கள் அலைவரிசையைப் பாருங்கள். 315 மெகாஹெர்ட்ஸ் சென்சார் 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரோடு என்ன செய்தாலும் பேசாது.

வெளி சென்சாரில் டயர் வெப்பம் 38 டிகிரிக்கு மேல் போவதே இல்லை. நல்லதுதானே?

அது டயரின் வெப்பம் இல்லை. வால்வு நுனியில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் சென்சாரின் வெப்பம். நான்கு சக்கரத்தில் ஒன்று மட்டும் தனியாக ஏறினால் பிரேக்கையும் பேரிங்கையும் பாருங்கள், அதற்கு மட்டும் அந்த எண் உதவும்.

பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றலாமா?

உள் சென்சார் இருந்தால் ஊற்றாதீர்கள். அளக்கும் துளை அடைபடும். ஓட்டையில் ரப்பர் குச்சி செருகி அடைக்கும் கிட் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னிக்கும் சென்சார் வேண்டுமா?

வேண்டும். யாரும் அளக்காத டயர் அதுதான்.

டயர்களை இடம் மாற்றினேன். முன்னால் இருப்பதைப் பின்னால் காட்டுகிறது.

சென்சார் எண்களைக் கருவிக்கு மறுபடி கற்றுக்கொடுங்கள், கையேட்டில் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அழுத்தம் வைப்பவர்கள் இதைச் செய்யாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.