நாலு மணிக்கு எழுப்பலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஃபிளாஸ்கில் காபி வைத்துக்கொண்டு இரவு 1 மணி வரை விழித்திருக்கிறாள். 'விடியற்காலையில் படித்தால்தான் மனதில் நிற்கும்' என்று என் மாமியார் 4 மணிக்கே எழுப்பிவிடுகிறார். ஆனால் ராத்திரி மளமளவென்று ஒப்பித்த வேதியியல் காலையில் வரவில்லை என்று அழுகிறாள். என்ன செய்வது?
- வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த 4 மணி எழுப்புதலை நிறுத்துங்கள் அம்மா. பிள்ளை போதுமான அளவு படித்திருக்கிறாள், படித்தது பதிவதற்குத்தான் நேரம் கொடுக்கவில்லை.

1924-லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு மாணவர்களிடம் அர்த்தமே இல்லாத 10 அசைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சில நாள் படித்தவுடன் தூங்க விட்டார்கள், சில நாள் படித்துவிட்டு அன்றாட வேலையைப் பார்க்க விட்டார்கள். 8 மணி நேரம் கழித்துக் கேட்டால், விழித்திருந்த நாட்களில் பத்துக்கு ஒன்று தேறுவதே கஷ்டம், தூங்கிய நாட்களில் ஐந்து, ஆறு வந்தது. இன்னொன்றும் கவனித்தார்கள். தூங்கிய 2 மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சியதோ, 8 மணி நேரத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அதே அளவு இருந்தது.

அன்றன்று படிப்பது முதலில் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் தற்காலிகமாகத்தான் தங்குகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. 1994-ல் வில்சன், மெக்நாட்டன் என்ற ஆய்வாளர்கள் எலிகளிடம் இதை நேரடியாகவே பதிவு செய்தார்கள். எலி நடமாடும்போது எந்தெந்த செல்கள் சேர்ந்து இயங்கினவோ, அதே செல்கள் பிறகு அது தூங்கும்போதும் சேர்ந்து இயங்கின. உங்கள் மகளின் வேதியியலுக்கும் அந்த ரிவிஷன் வேண்டும். ஆழ்தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வருகிறது, கனவு வரும் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். மூன்று மணி நேரத்தில் எழுப்பினால் பின்பகுதி முழுக்கப் போய்விடும்.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் 9 மணிக்கெல்லாம் பாயை விரித்துவிடுவார்கள், 4 மணிக்கு எழுந்தாலும் ஏழு மணி நேரம் தூங்கியாகிவிட்டது, அதனால் படித்தது நின்றது. நாம் எழும் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு படுக்கும் நேரத்தை விட்டுவிட்டோம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழட்டும். அப்புறம் அந்த ஃபிளாஸ்க்! 9 மணிக்குக் குடித்த காபியில் பாதி காஃபின் நள்ளிரவைத் தாண்டியும் உடம்பில் இருக்கும், சாயங்காலத்தோடு நிறுத்திவிடுங்கள். படுக்கும் முன் கஷ்டமான சமன்பாடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, காலையில் புத்தகத்தைத் திறக்காமல் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பாடத்தை ரெக்கார்ட் செய்து தூங்கும்போது ஹெட்போனில் ஓடவிட்டால் பதியுமா?
- கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பதியாது தம்பி. 1956-ல் எம்மன்ஸ், சைமன் என்பவர்கள் மூளை அலைகளைப் பார்த்து, ஆள் நிஜமாகவே தூங்கும் நேரத்தில் மட்டும் சொற்களை ஒலிக்கவிட்டார்கள், காலையில் அவை நினைவில் இல்லை. விழித்திருக்கும்போது படியுங்கள், ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தூங்குங்கள்.