ஜி.எஸ்.டி.யில் பெயர் பதிந்துவிட்டால் அது நம் பெயர் ஆகிவிடுமா?

கேள்வி: கோபியில் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். இனி கடைகளுக்கும் போடலாம் என்று இருக்கிறேன். ‘கொங்கு மசாலா’, ‘அசல் மசாலா’, பாட்டி பெயரில் ‘நாச்சாயி மசாலா’ என்று மூன்று பெயர்கள் மனதில் இருக்கின்றன. பின்னால் நோட்டீஸ், கேஸ் என்று வராமல் இருக்க எதை வைக்கலாம்? ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தால் போதுமா?

பதில்:

போதாது. நானும் அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டேன்.

நாங்கள் மஞ்சள் தூளும் சாம்பார் பொடியும் போட ஆரம்பித்தபோது மகள் பெயரையே வைத்தோம். ஜி.எஸ்.டி., உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம் மூன்றிலும் அந்தப் பெயர் தடையில்லாமல் வந்தது. அரசாங்கமே ஒத்துக்கொண்டது என்று நாங்களாக முடிவுகட்டிக்கொண்டோம். உண்மையில் அந்தச் சான்றிதழ்கள் எதுவும் பெயர் மேல் உரிமை தருவதில்லை. வரி கட்டுபவர் யார், உணவைத் தயாரிப்பவர் யார் என்பதைத்தான் அவை பதிகின்றன. பெயருக்கு உரிமை தருவது 1999ஆம் வருட வணிகக் குறிச் சட்டம், அதாவது டிரேட்மார்க்.

நாலு கலரில் பை அச்சடிக்கும் சிலிண்டர் வெட்டி, பை அடித்து வந்து ஏழாவது மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வேறு ஊரில் பல வருடமாக மசாலா போடும் ஒரு நிறுவனம். தமிழில் பார்த்தால் அவர்கள் பெயருக்கும் எங்கள் பெயருக்கும் குறில் நெடில் வித்தியாசம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே. கயல், காயல் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், புரியும் (எங்கள் பெயர் அதுவல்ல). சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருகிறதே என்று வக்கீலிடம் கேட்டேன். “அது வியாபாரம் பண்றவர் பேருக்குங்க, பாப்பா பேருக்கு இல்ல” என்றார். பெயரை விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்து, இரண்டு மாத அவகாசம் வாங்கி, மிச்சமிருந்த பைகளில் பழைய பெயர் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். மசாலாப் பை மேல் எண்ணெய்ப் பிசுக்கு லேசாக இருந்தாலும் ஸ்டிக்கர் நிற்காது. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து ஒட்ட வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிவரை வீடே உட்கார்ந்து துடைத்தது.

பெயர் விஷயத்தில் கண்ணைவிடக் காது முக்கியம் என்று அப்போதுதான் தெரிந்தது. 1969இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு மூக்குப்பொடி வழக்கு உண்டு. ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற குறி ஏற்கனவே பதிவாகியிருந்தது. இன்னொருவர் ‘ஸ்ரீ ஆண்டாள்’ கேட்டார். அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்று நீதிமன்றம் ஆண்டாளுக்கு இடம் தரவில்லை. கடைக்காரருக்கு போன் போட்டு, லாரிச் சத்தத்துக்கு நடுவே பெயரைச் சொல்லுங்கள். அவர் வேறொரு பிராண்டைத் திருப்பிச் சொன்னால் அந்தப் பெயர் வேண்டாம்.

தேடுவதற்கு அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் வணிகக் குறித் தேடல் இருக்கிறது, காசு கிடையாது. எழுத்தை வைத்தும் தேடலாம், ஒலியை வைத்தும் தேடலாம். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் ழகரத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், தகரத்துக்கு ஒருவர் ‘எச்’ போடுவார், இன்னொருவர் போடமாட்டார். எல்லா விதத்திலும் தட்டிப் பாருங்கள். வகுப்பும் முக்கியம். பதிவுக்காகச் சரக்குகளையும் சேவைகளையும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாப் பொடி 30இல் வரும். ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29. நாளைக்கு ஊறுகாய் போடும் எண்ணம் இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

அங்கே இல்லை என்றாலும் முடியவில்லை. பதியாமலே பல வருடமாக விற்பவருக்கும் உரிமை உண்டு. 34ஆம் பிரிவின்படி, நமக்கு முன்பே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை நம்முடைய பதிவு தடுக்காது. அவர் நம் மேல் வழக்கும் போடலாம். அதனால் ஈரோட்டு மொத்தக் கடைகளில் ஒரு நாள் ஏறி இறங்குங்கள். இணையத்தில் வராத பிராண்டுகள் அந்த அலமாரிகளில் இருக்கும். இதே காரணத்துக்காக உங்கள் முதல் பில்லையும் பை அச்சடித்த பில்லையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

சரி, உங்கள் மூன்று பெயர்களுக்கு வருவோம். ‘அசல்’ வேண்டாம். சரக்கின் தன்மையை மட்டும் சொல்கிற வார்த்தையைப் பதிவதும் கஷ்டம், பதிந்தாலும் பக்கத்துக் கடைக்காரர் ‘அசல் மல்லித்தூள்’ என்று எழுதினால் தடுக்க முடியாது. ‘கொங்கு’ வட்டாரப் பெயர், அதிலும் கிட்டத்தட்ட இதே சங்கடம். ஊர்ப் பெயரில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஈரோடு மஞ்சளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கான ஜி.ஐ. பதிவு, கிடைத்துவிட்டது. அவற்றைத் தனி ஒருவர் தன் பிராண்டாகப் பதிய முடியாது.

என் ஓட்டு பாட்டிக்குத்தான். நாச்சாயி என்ற பெயருக்கும் மிளகாய்த் தூளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதுதான் அதன் பலம். ஆனால் நாச்சி, நாச்சியார், நாச்சம்மாள் எல்லாவற்றையும் 29, 30 இரண்டிலும் தேடுங்கள். கிட்டத்தில் ஏதாவது இருந்தால் ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் உடனே விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கும் உத்யம் சான்று உள்ள சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. விண்ணப்பம் வணிகக் குறி அலுவலகத்தின் இதழில் வெளியான பிறகு யாரும் ஆட்சேபிக்க நாலு மாதம் அவகாசம் உண்டு. பதிவானால் 10 வருடம், அப்புறம் புதுப்பிக்கலாம். விண்ணப்பித்ததும் பையில் ‘டி.எம்.’ போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது பதிவு கையில் வந்த பிறகுதான். அதுவரை சிலிண்டர் வெட்டாதீர்கள், வெறும் பை வாங்கி லேபிள் ஒட்டி ஓட்டுங்கள்.