பழைமையின் பக்கத்திலிருந்து: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): பழைமையைப் போற்றுகிறவர் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். அப்படியானால், உள்ளூராட்சித் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்ப்பவர்களோடுதானே நிற்பீர்கள்?

பதில்: இல்லை. பழைமை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே இந்த விவகாரத்தில் பலரும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மலாயாவில் நகர மக்கள் முதன்முதலாக வாக்குச் சீட்டைக் கையில் வாங்கியது நாடாளுமன்றத் தேர்தலுக்காக அன்று. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்திற்கு நடந்த தேர்தலுக்காகத்தான். 1957-இல் அந்நகரம் மாநகரானபோது முதல் மேயராக அமர்ந்தவர் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். அவர் பெயரில் பினாங்கில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. அதன் வழியே நாள்தோறும் போய்வரும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது. தற்காலிக நடவடிக்கை என்றுதான் அன்று சொன்னார்கள். மோதல் 1966 ஆகஸ்டில் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. இதற்கிடையே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைக்கப்பட்ட அரச ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இருக்க வேண்டும் என்று விரிவான அறிக்கை தந்தும் அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் தேர்தல் முறையை அடியோடு நீக்கிவிட்டது. 2012-இல் பினாங்குச் சட்டமன்றம் தனியே ஒரு சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றபோது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமளிக்கவில்லை. உங்கள் கோலாலம்பூரின் கதை இன்னும் பழையது. 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தோடு அங்கே வாக்குரிமை போயிற்று, இன்றும் டத்தோ பண்டார், அதாவது மேயர், நியமனத்தால்தான் வருகிறார். ஆகவே, புதுமை புகுத்தியவர்கள் தேர்தலை நிறுத்தியவர்கள்தாம். அதைத் திரும்பக் கேட்பவன் இழந்த மரபைக் கேட்கிறான்.

எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிலும் சீர்கேடு இருந்தது. ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் மீதே புகார்கள் எழுந்து, 1966-இல் அதன் பொறுப்புகள் முதலமைச்சரிடம் போயின. நகரங்களில் ஓர் இனத்தவர் மிகுந்திருப்பதால் தேர்தல் இனப் பிளவை ஆழமாக்கும் என்ற அச்சத்தையும், 1969-இன் இனக் கலவரத்தைக் கண்ட ஒரு நாட்டில், வெறும் அரசியல் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் நாடு முழுவதும் ஒரே நாளில் தேர்தல் வேண்டும் என்று முழங்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இன்று ஒரு மன்றத்தில் 24 உறுப்பினர்கள் வரை நியமிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஒரே ஒரு நகரில், பாதி இடங்களுக்கு மட்டும் தேர்தல் வைத்து, இரண்டு தவணைகள் பொறுத்திருந்து பார்க்கட்டும். வீட்டு வரி கட்டுகிறவனுக்கு, தன் வாசலில் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது, அடுத்த முறை யாருக்கு வாக்களிக்காமல் விடுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் என் கோரிக்கை.

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு): லிட்டில் இந்தியாவைச் சுற்றியிருந்த பழைய கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறிவருகின்றன. தனியார் சொத்துரிமையை எப்போதும் ஆதரித்து எழுதும் நீங்கள் இதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

பதில்: குத்தலான கேள்வி, எனக்கு வேண்டியதுதான். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடு முற்றிலும் விலகியபோது அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். பல்லாண்டுகளாக உயராத வாடகையை வைத்துக்கொண்டு கூரையைக்கூட மாற்ற முடியாமல் தவித்த வீட்டுக்காரர்களின் நியாயம் என் கண்ணில் பட்டது; மூன்று தலைமுறையாக அதே கடைவீட்டின் மாடியில் வாழ்ந்து, கீழே பூவோ மசாலாவோ விற்ற குடும்பங்கள் ஏககாலத்தில் வெளியேறும் என்பது படவில்லை. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தக் குடும்பங்களில் பல ஏற்கெனவே தீவின் அடுக்குமாடிகளுக்கும் பெருநிலத்திற்கும் போய்விட்டிருந்தன. சுவரும் ஓடும் சன்னலும் காப்பாற்றப்பட்டன. அவற்றுக்குள் இருந்தவர்கள் காப்பாற்றப்படவில்லை.

பழைய சட்டத்தை அப்படியே கொண்டுவருவது பரிகாரமாகாது. அது வீட்டுக்காரரின் தலையிலேயே மறுபடியும் சுமையை ஏற்றும். மாறாக, பழைய தொழிலை நடத்தும் குடித்தனக்காரருக்கு நீண்ட காலக் குத்தகை தரும் உரிமையாளருக்கு வீட்டு வரியில் தள்ளுபடி தரலாம். விடுதி உரிமங்களைத் தெருவுக்கு இத்தனை என்று வரையறுக்கலாம். குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. ஆனால் தேர் புறப்படும் நாளில் வாசலில் நீர் தெளித்துக் கோலமிட அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் குடும்பங்களும் வேண்டும். என் கட்சியினர், அதாவது சந்தை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பும் நண்பர்கள், இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்): ஜிஎஸ்டி என்னும் பொருள், சேவை வரி திரும்ப வேண்டுமா?

பதில்: வேண்டும், ஆனால் குறைந்த விகிதத்தில். 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டோடு அதைத் தொடங்கிய விதமும், வணிகர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகைகள் தேங்கிய விதமும் அதன் பெயரைக் கெடுத்துவிட்டன. 2018-இல் அது போய் எஸ்எஸ்டி, அதாவது விற்பனை, சேவை வரி வந்தது. சேவை வரி 2024 மார்ச்சில் 8 விழுக்காடானது, 2025 ஜூலையில் அதன் வரம்பும் விரிந்தது. ரசீதில் தனியே தெரியும் வரி, விலைக்குள் ஒளிந்துகொள்ளும் வரியைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

கேள்வி (பட்டர்வொர்த், பினாங்கு): எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிகிறது. தமிழ்ப்பள்ளிகளை மூட வேண்டும் என்று வழக்குத் தொடுத்தவர்களைவிட இது பெரிய ஆபத்தல்லவா?

பதில்: ஆம். வழக்கு தொடுத்தவர்கள் 2021-இல் உயர்நீதிமன்றத்திலும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார்கள். தேசிய மொழி மலாய் என்று கூறும் அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவே, பிற மொழிகளைக் கற்பிக்கவும் கற்கவும் தடையில்லை என்றும் கூறுகிறது. அந்த வேலி உறுதியாக இருக்கிறது. வேலிக்குள் பயிர் இருக்கிறதா என்பதே நம் கவலை.

மாணவர் எண்ணிக்கை 150-க்குள் இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நம் பள்ளிகளில் மிகப் பல அந்த வகையைச் சேர்ந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும், பள்ளிக் கட்டடம் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றுகொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம். அத்தகைய பள்ளியை மூடாமல், அதன் உரிமத்தை நம் குடும்பங்கள் வாழும் வீடமைப்புப் பகுதிக்கு மாற்றக் கேட்பதே அறிவு. அப்படி மாறிய பள்ளிகளில் வகுப்பறைகள் நிரம்பியதையும் கண்டிருக்கிறோம். மற்றொரு காரணம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை ஆண்டுதோறும் மேடையில் பெருமையோடு சொல்லும் பேச்சாளர்களில் சிலர், தம் பேரப்பிள்ளைகளை அனைத்துலகப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் கண்டிக்க எனக்கு உரிமையில்லை, பிள்ளை யாருடையதோ முடிவும் அவர்களுடையது. ஆயினும் அடுத்த கூட்டத்தில் அவர்கள் அரசாங்கத்தைச் சாடத் தொடங்கும்போது, முன்வரிசையில் இருக்கும் யாராவது எழுந்து, உங்கள் வீட்டுக் குழந்தை எந்தப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறது என்று மரியாதையோடு கேட்டுப் பார்க்கலாம்.